குடத்துக்குள் நாலு எண்கள்

வங்கியிலிருந்தோ காஸ் ஏஜென்சியிலிருந்தோ என் போனுக்கு ஓடிபி வந்தால் அதை நான் என் குரலில் படிப்பதில்லை. ஒரு ஆண் குரல் எனக்குள் படிக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு மூச்சு இடம் விட்டு, மெதுவாக. அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. பேர் தெரியும், சொல்லக்கூடாது. எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. இருக்கிறாரா என்றுகூட இப்போது அடித்துச் சொல்ல முடியாது. அவரிடமிருந்து பார்சல் வருவது நின்று ஒரு மழைக்காலம் போய்விட்டது. குரல் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

நான் ஆம்பூருக்கு வெளியே, ஹைவேயை ஒட்டியிருக்கும் ஒரு பார்சல் கம்பெனியில் டிஸ்பாட்சர். இந்த வேலையைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "பார்சல் கொண்டுபோய்க் குடுக்கறியா?" இல்லை. "பார்சல் கட்டறியா?" அதுவும் இல்லை. "அப்போ இன்னாதான் பண்றே?" கொடுக்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் உட்கார்ந்து ரெண்டு பேரிடமும் திட்டு வாங்குகிறேன் என்று சொன்னால் உடனே புரிந்துவிடுகிறது. சம்பளம் எவ்வளவு என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

காலையில் சென்னையிலிருந்து வண்டி வரும். மூட்டைகளைப் பிரித்து, பார்சல்களை ஊர் வாரியாக, தெரு வாரியாகப் பிரிப்பார்கள். எந்த ரைடர் எந்தப் பக்கம் போவது, எந்தத் தெருவுக்கு முதலில், எதற்குக் கடைசியில் என்று முடிவு செய்வது என் வேலை. கம்ப்யூட்டரும் ஒரு வரிசை சொல்லும். அதற்கு ரோடு தெரியும், மனுஷர்களைத் தெரியாது. ஷூ ஃபேக்டரியில் வேலை செய்யும் பெண்களுக்கு வரும் பார்சலை டீ பிரேக்கில், கேட்டுக்கு வெளியே வைத்துத்தான் கொடுக்க முடியும். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் தெருவில் ஒரு கடையும் திறந்திருக்காது. ஆலங்காயம் பக்கம் மலையோரம் போனால் சிக்னல் கிடையாது, ரைடர் திரும்பி வரும்வரை அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. இதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் போட்ட வரிசையைக் கலைத்து மறுபடி அடுக்குவேன். ரைடர்கள் கிளம்பிய பிறகு சாயங்காலம்வரை போன்தான். பூட்டின வீடு, தப்பான தெரு, பஞ்சரான வண்டி, அவிழ்த்துவிட்ட நாய்.

எங்கள் கட்டடம் முன்பு தோல் வைக்கும் குடோனாக இருந்தது. வெள்ளையடித்து டைல்ஸ் போட்டும் மழை பெய்தால் சுவரிலிருந்து அந்த வாடை கிளம்பி வரும். இந்தப் பக்கத்தில் பிறந்தவளுக்கு அது ஒரு வாடையே இல்லை. சென்னையிலிருந்து வரும் மேனேஜர்தான் மூக்கைப் பொத்துவார்.

குடியாத்தம் பக்கம் போகும் ரைடர் என்னைவிடப் பெரியவர். தோல் பதனிடும் ஷாப்பில், டிரம்மில் வேலை பார்த்துப் பார்த்து கைத்தோல் வெடித்துப் போனதால் இந்த வேலைக்கு வந்தவர். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டு அந்த வீட்டுக் கதையையும் வாங்கிக்கொண்டு வருவார். அவரால் என் ரூட் தினமும் தாமதமாகும், தினமும் நான் கத்துவேன். "கோவப்படாதீங்க மேடம், பிபி ஏறிக்கப்போவுது" என்பார். அதனால் இன்னும் ஏறும்.

முதல் பார்சல் ஒரு சின்னப் பெட்டி. குடியாத்தத்தில், லுங்கி நெய்யும் பவர்லூம் தெரு ஒன்றுக்கு. வாங்குபவர் ஒரு பெண். ஆர்டர் போட்டவர் வேறொருவர், வெளியூரிலிருந்து. ரைடர் போன் செய்தபோது தறிச் சத்தத்தில் அவர் குரல் பாதிதான் கேட்டது.

"மேடம், இந்தம்மாகிட்ட ஓடிபி இல்லியாம். போனே இல்லியாம்."

ஆர்டர் போட்டவரின் போனுக்கு நாலு எண் போகும். அதைச் சொன்னால்தான் ரைடர் பார்சலைக் கையிலிருந்து விடலாம். இப்படிச் சமயங்களில் நான் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்தி அந்த ஆளைக் கூப்பிடுவேன். அவர் நம்பர் எனக்குத் தெரியாது, திரையில் வெறும் நட்சத்திரமாக இருக்கும். கம்பெனியின் பொது லைன் ஒன்று நடுவில் பாலம் மாதிரி நிற்கும். டெலிவரி ஆகிவிட்டது என்று ரைடர் போட்டவுடன் அந்தப் பாலம் போய்விடும். அப்புறம் நான் அவரைக் கூப்பிட முடியாது. அவராலும் முடியாது.

மணி அடித்தது, எடுத்தார். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு மெஷின் பெண் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். நான் பார்சல் கம்பெனி என்றேன். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. நாலு எண்ணைச் சொன்னார், வைத்துவிட்டார். இந்தக் காலத்தில் யாருக்குத்தான் மரியாதை தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு எண்ணை ரைடரிடம் சொன்னேன்.

"மேடம், அந்த நம்பர யாரு சொன்னதுன்னு இந்தம்மா கேக்குது."

"ஆர்டர் போட்டவருதான். வேற யாரு?"

அந்த அம்மாள் பெட்டியை வாங்கிக்கொண்டு ரைடரின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அடுத்த பார்சல் வந்தபோது அந்த அம்மாள் ரைடரிடமிருந்து போனை வாங்கி அவரே பேசினார்.

"பாப்பா, அந்த நம்பர நீ சொல்லாத. அவன் சொல்றத எனக்குக் கேக்க வையேன்."

நான் எரிந்து விழுந்தேன். நான் சொன்னால் என்ன, அவர் சொன்னால் என்ன, நம்பர் நம்பர்தானே, எனக்கு வேறு வேலை இல்லையா என்றேன். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை.

"அவன் எம் புள்ளமா. எங்களுக்குச் செத்துட்டவன்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். மகன் கூட வேலை செய்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். வேறு ஜாதி. அப்பா அன்றைக்கே தலை முழுகிவிட்டார். பேச்சுக்கு அல்ல, நிஜமாகவே. தெருக் குழாயடியில் எல்லோரும் பார்க்கக் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, எனக்கு மகன் செத்துவிட்டான் என்று சொல்லிவிட்டு ஈரத்தோடு வீட்டுக்குள் போயிருக்கிறார். பெண்டாட்டியிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். அவனோடு ஒரு வார்த்தை பேசினால் தன் பிணத்தைத்தான் பார்ப்பாள் என்று.

"பேசக்கூடாதுன்னுதானே சத்தியம்?" என்றார் அந்த அம்மாள். "கேக்கக்கூடாதுன்னு இல்லியே."

கம்பெனி ரூல்ஸில் இதற்கு ஒரு வரியும் கிடையாது. நான் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரைப் பெரிதாக வைத்து, அதன் பக்கத்தில் என் மொபைலை வைத்தேன். மொபைலில் ரைடர், ஸ்பீக்கரில் மகன். அவர் நாலு எண்ணைச் சொன்னார், வைத்தார்.

"ஒண்ணுமே கேக்கலியாம் மேடம்," என்றார் ரைடர். "தறி இந்த ஓட்டம் ஓடுது. எனக்கே கேக்கல."

அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தறி. அது நிற்பது மதியச் சாப்பாட்டுக்கு மட்டும். அப்போது அப்பாவும் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வாராம். ஆகவே அடுத்த பார்சலிலிருந்து அந்தத் தெருவை மதியத்துக்குத் தள்ளினேன். கம்ப்யூட்டர் அதைக் காலையில் போடும், நான் எடுத்து மதியத்தில் வைப்பேன். அதற்காக ரைடர் ஒரே ரோட்டில் இரண்டு முறை போய்வர வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே போனார். குடம் அவருடைய யோசனை. அந்த அம்மாள் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் காலிக் குடத்தோடு குழாயடிக்கு வருவார். ரைடர் போனை ஸ்பீக்கரில் போட்டு எவர்சில்வர் குடத்துக்குள் இறக்கிவிடுவார். சின்னச் சத்தம்கூட உள்ளே சுற்றிப் பெரிதாகக் கேட்கும். அந்த அம்மாள் குந்தி உட்கார்ந்து குடத்தின் வாயில் காதை வைத்துக்கொள்வார். அப்பா தலை முழுகிய அதே குழாயடி.

என்ன அனுப்பினார் என்று எனக்குத் தெரியாது, பெட்டியின் எடைதான் தெரியும். முட்டிவலி எண்ணெய், டார்ச் லைட், வெந்நீர்ப் பை என்று பெட்டி மேல் ஒட்டியிருப்பதைப் படித்து ரைடர் சொல்வார். அந்த அம்மாளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பெட்டியைப் பிரிக்காமலே இடுப்பில் இடுக்கிக்கொண்டு போவாராம்.

ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் மகனிடம் சொல்லிவிட்டேன். "உங்க அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. கேக்கறாங்க. ஏதாவது பேசுங்களேன்." லைனில் இரும்பு மேல் இரும்பு விழுகிற சத்தம் கேட்டது. தெரியாத பாஷையில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அவர் பேசவில்லை. எண்ணையும் சொல்லாமல் வைத்துவிட்டார். பார்சல் திரும்பி வந்துவிட்டது. அன்று முழுக்க எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம். பெற்றவள் ஒரு குடத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவருக்கு என்ன வீறாப்பு?

"வீறாப்பு இல்ல மேடம்," என்றார் ரைடர். "அவன் அம்மான்னு ஒரு வார்த்த சொன்னா இந்தம்மா தாங்காது, பதில் சொல்லிடும். சத்தியம் போயிடும். அதான் வாயத் தொறக்க மாட்டேங்கறான்."

மறுநாள் அதே பார்சலோடு போனார். அன்றுதான் அந்தக் குரல் மாறியது. இதுவரை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு வைத்தவர், அன்று ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். ஒன்றைச் சொல்லி, நிறுத்தி, காத்திருந்து, அடுத்ததைச் சொன்னார். கேட்கிறவருக்கு ஒவ்வொன்றும் போய்ச் சேரட்டும் என்பது போல. செத்துவிட்டதாகத் தண்ணீர் ஊற்றிய இடத்தில், ஒரு காலிக் குடத்துக்குள்ளிருந்து அந்த மகன் பேசிக்கொண்டிருக்கிறான், நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. டெலிவரி ஆனால் லைன் போய்விடும் என்று ரைடரின் வாயைக் கிளறித் தெரிந்துகொண்டார். அதிலிருந்து எண்ணைக் கேட்டுவிட்டு, "இன்னிக்கு வாணாம்பா, நாளைக்கு எடுத்துனு வா" என்று பார்சலை வாங்காமல் அனுப்ப ஆரம்பித்தார். மூன்று முறைவரை முயலலாம், அதற்கு மேல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். ஒரு பார்சலை வைத்து மூன்று நாள் மகனின் குரலைக் கேட்டுக்கொண்டார். மகனும் மூன்று நாளும் சளைக்காமல் சொன்னார். என் கணக்கில் திரும்பி வந்த பார்சல்கள் ஏறின. மேனேஜர் என்னைப் பேஜாராக்கினார். குடியாத்தத்தில் ஆளே இருக்க மாட்டார்களா என்று கேட்டார். எல்லாரும் தறியில் இருக்கிறார்கள் என்றேன்.

ஒரு மதியம் மகன் இரண்டாவது எண்ணைச் சொல்லி நிறுத்தியபோது பக்கத்தில் ஒரு குழந்தை அழுதது. கைக்குழந்தை. அவர் பதறிப்போய் போனைக் கையால் மூடியிருக்க வேண்டும், சத்தம் அமுங்கியது. பிறகு கையை எடுத்துவிட்டார். வேண்டுமென்றேதான் எடுத்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். குழந்தை நன்றாக வாய்விட்டு அழுதது. அவர் சும்மா இருந்தார். பிறகு மீதி இரண்டு எண்ணையும் சொல்லிவிட்டு வைத்தார்.

வழக்கமாக வளவளவென்று பேசும் ரைடர் அன்று வெகுநேரம் கழித்துத்தான் குடத்துப் பக்கம் குனிந்து பேசினார்.

"அந்தம்மா குடத்தக் கட்டிப்புடிச்சினு உக்காந்துனு இருக்கு மேடம். நான் எப்படிப் போனக் கேக்கறது?"

அன்றைக்கு மீதி ரூட் முழுக்கத் தாமதம். நான் கத்தவில்லை.

கடைசிப் பார்சல் ஆடி மாதத்தில் வந்தது. கடைசி என்று அப்போது தெரியாது. அந்த வாரம்தான் கம்பெனியில் புது உத்தரவு போட்டிருந்தார்கள். பணம் கட்டியாகிவிட்ட சின்னப் பார்சல்களுக்கு இனி ஓடிபி வேண்டாம், வீட்டு ஆளிடம் கொடுத்துவிட்டு ஒரு போட்டோ எடுத்தால் போதும். ரைடர்களுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் போன் வேலை கம்மி. உத்தரவைப் படித்தபோது எனக்கு அந்தத் தெரு ஞாபகத்துக்கு வரவே இல்லை. மதியம் ரைடர் கூப்பிட்டபோதுதான் வந்தது.

"மேடம், இதுக்கு நம்பர் கேக்கல. போட்டோதான் எடுக்கச் சொல்லுது." குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா குடத்தோட ரெடியா உக்காந்துனு இருக்கு. நான் இன்னா சொல்லட்டும்?"

தறிகள் நின்றிருந்தன. ஒரு காகம் கத்துவதும், யாரோ பாத்திரம் கழுவுவதும் கேட்டன. அந்த அம்மாள் ஏதோ கேட்டார், ரைடர் "இருங்கமா, லைன் போடறாங்க" என்றார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார்.

பட்டனை அழுத்தினேன். பாலம் இன்னும் இருந்தது. மகன் எடுத்தார். மெஷின் பெண் தன் பாட்டைப் பாடி முடித்தாள்.

"பார்சல் கம்பெனியிலேர்ந்து," என்றேன். "ஓடிபி சொல்லுங்க."

அவருக்கு ஓடிபி வந்திருக்காது. இனி தேவையில்லை என்கிற மெசேஜ் வந்திருக்கும். என்ன ஓடிபி என்று அவர் கேட்டால் எல்லாம் முடிந்துபோகும். குடத்துக்குள் அதுவும் கேட்கும். அந்தப் பக்கம் இரும்புச் சத்தம் தூரமாகப் போயிற்று. அவர் நடந்து வேறெங்கோ ஒதுங்கினார் போலிருக்கிறது.

"அஞ்சு," என்றார்.

நிறுத்தினார்.

"ரெண்டு."

இல்லாத ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரி என்னைப் பார்த்தாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்றாவதைச் சொன்னார். நான்காவதைச் சொன்னார். வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன்.

வைக்கவில்லை. ஐந்தாவதாக ஒன்றைச் சொன்னார்.

பிறகு ஆறாவது. போன் நம்பராக இருக்குமோ என்று அவசரமாகப் பேனாவைத் தேடி எழுத ஆரம்பித்தேன். பத்தைத் தாண்டியும் போயிற்று, பேனாவை வைத்துவிட்டேன். அது எதன் எண்ணும் இல்லை. ஏழு, ஒன்று, ஒன்று, நான்கு என்று மனசுக்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே போனார். சொல்லி முடிக்க ஓடிபி இல்லை, ஆகவே நிறுத்தவும் இடமில்லை. இனிமேல் இந்த லைன் கிடைக்காது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் குறுக்கே பேசவில்லை. மற்ற ரைடர்களின் அழைப்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து நின்றன. எதையும் எடுக்கவில்லை. மேனேஜர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் மொபைலில் முதலில் ஒரு தறி ஓட ஆரம்பித்தது. அப்புறம் பக்கத்து வீட்டுத் தறி. அப்புறம் தெரு முழுக்க. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. ஸ்பீக்கருக்கும் மொபைலுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை, அந்தச் சத்தம் அவருக்கும் போயிற்று.

எண்கள் நின்றன.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன், லைன் இருந்தது. கடைசியில் எண் அல்லாத வார்த்தைகள் அவரிடமிருந்து வந்தன. என்னிடம்தான் பேசினார்.

"மொதல்ல ஓடினது எங்க வீட்டுத் தறிங்க," என்றார். பிறகு, "இனிமே அவங்களுக்குக் கேக்காது."

அதற்குள் ரைடர் குனிந்து குடத்துக்குள் கத்தினார். தறிச் சத்தத்துக்கு மேல், அந்தக் குடம் முழுக்க அவர் குரல் அதிர்ந்து வந்தது.

"மேடம், இங்க ஒண்ணுமே கேக்கல! வூட்டுக்குப் போங்கன்னு சொன்னாலும் போவ மாட்டேங்குது! குடத்துல காத வெச்சது வெச்சபடியே உக்காந்துனு இருக்கு!"

அதை மகனும் கேட்டார். மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அப்புறம் அவர் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் எண்களைச் சொல்ல ஆரம்பித்தார்.